ரத்த வங்கிச் சீட்டில் பக்கிரி எழுதினது

எனக்கு யாரையும் நம்பற பழக்கம் கிடையாது. அதை முதல்லயே சொல்லிடறேன். குத்தாலம் கடைத்தெருவுல சாக்குக் கடை வச்சிருக்கேன். கட்டுக் கட்டா சாக்கு வரும். மேல இருக்கறது புதுசா பளபளன்னு இருக்கும், நடுவுல இருக்கறது எலி கடிச்சதா இருக்கும். அதனால ஒவ்வொரு சாக்கையும் வெயிலுக்கு நேரா தூக்கிப் பிடிச்சுப் பாத்துத்தான் எடுப்பேன். வருஷக்கணக்கா சாக்கைப் பாத்த கண்ணு, மனுஷங்களையும் அப்படித்தான் பாக்கும். தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில பதினெட்டு நாள் கிடந்தப்பவும் அப்படித்தான் பாத்தேன். குடல்புண் வந்தவங்க, ரத்தம் ஏத்தணும்னு டாக்டர் சொல்லிக் கதிகலங்கி நிக்கறவங்க யாராவது இதைப் படிச்சா கொஞ்சம் தைரியம் வரட்டும்னுதான் எழுதுறேன். நான் பண்ணின கூத்தையும் மறைக்காம எழுதுறேன்.

ஐப்பசி மழை பிடிச்சிருந்த நேரம். ரெண்டு மூணு நாளா எனக்கு வெளிக்குப் போறது கறுப்பாப் போச்சு. ரோட்டுக்குப் போடுற தார் மாதிரி கன்னங்கரேல்னு, ஒரு கெட்ட வாடையோட. எழுந்தா தலை சுத்துது, மாடிப்படி ஏறினா நெஞ்சு படபடங்குது. டாக்டரைப் பாக்கணும்னு எனக்குத் தோணலை. பக்கிரி மருந்து வச்சுட்டான்னுதான் தோணுச்சு.

பக்கிரி யாருன்னு சொல்லணும். ஊருக்குத் தெற்கே எங்களுக்கு அரை வேலி நஞ்சை, மூணு ஏக்கருக்குக் கொஞ்சம் மேல. என்னைப் பெத்த அத்தா வாங்கினது. பக்கிரிசாமியோட அப்பா அதைக் குத்தகைக்கு உழுதார், அவருக்கு அப்புறம் பக்கிரி. எல்லாம் வாய்ப்பேச்சுதான். எழுத்து இல்லை, ரசீது இல்லை. அறுப்பு முடிஞ்சா களத்துலயே அளந்து எங்க பங்கு நெல்லை வண்டியில ஏத்தி விட்டுடுவாங்க. அந்தச் சமயத்துலதான், அறுபத்தேழுல வந்த புது ஆட்சியில, குத்தகைக்காரங்க பேரைச் சர்க்கார் பதிவேட்டுல ஏத்தற சட்டம் வந்துச்சு. பேர் ஏறிட்டா அவங்களை நிலத்தை விட்டு லேசுல எறக்க முடியாது. பக்கிரி மனுப் போட்டார். நான் பதிலுக்கு, “குத்தகையே கிடையாது. இது சொந்தப் பண்ணை. பக்கிரிசாமி என்கிட்ட தினக்கூலிக்கு வர்ற ஆளு”ன்னு எழுதிக் கொடுத்தேன். பொய்தான். அந்த வருஷம் எங்க பக்கத்துல நிலம் வச்சிருந்தவங்க நெறைய பேர் அதே பொய்யைத்தான் எழுதிக் கொடுத்தாங்க. மாயவரம் தாலுக்கா ஆபீஸ்ல மனு எழுதறவருக்கு அது மனப்பாடமே ஆயிடுச்சு.

ஊரும் சரியில்லை. ஒரு பக்கம் செங்கொடி ஊர்வலம், இன்னொரு பக்கம் வெளியூர் ஆள் வச்சு அறுக்கறேன்னு மிராசுதாருங்க, நடுவுல வாய்க்கால் மதகடியில போலீஸ் வேன். எங்க வயலுக்கு நானே தனியாப் போக யோசிச்சேன். அப்படி இருக்கறப்ப, பக்கிரி சம்சாரம் வழக்கம்போல ரெண்டு விரால் மீனைக் கொண்டாந்து எங்க கொல்லைப்பக்கம் கொடுத்துட்டுப் போனாங்க. வயல்ல தண்ணி வடியறப்ப வருஷா வருஷம் கொடுக்கறதுதான். ஆனா கேஸ் போட்டவன் வீட்டுலேருந்து மீன் வருதுன்னா என்ன அர்த்தம்?

“ஏங்க, அந்த மீனைத்தானே நானும் தின்னேன்? எனக்கு ஒண்ணும் ஆகலியே?”ன்னா என் சம்சாரம் ஜுலைகா.

“உனக்கு மெதுவா வேலை செய்யும்”னேன்.

அவ தலையில அடிச்சுக்கிட்டா. மறுநாள் கடையில உக்காந்திருந்தவன் அப்படியே குனிஞ்சு ரத்த வாந்தி எடுத்தேன். பாதி ரத்தம், பாதி காப்பித்தூளைக் கரைச்ச மாதிரி. பக்கத்துக் கடைக்காரர் வாடகைக் கார் பிடிச்சு ஜுலைகாவையும் என்னையும் தஞ்சாவூருக்கு ஏத்தி விட்டார். கும்பகோணம் தாண்டற வரைக்கும் அவ என் தலையை மடியில வச்சு குர்ஆன்லேருந்து யாசீன் ஓதிக்கிட்டே வந்தா. மௌத்தாகி உசுரு போகப் போறவங்களுக்குத்தானே இதை ஓதுவாங்கன்னு எனக்கு அதுலயும் ஒரு சந்தேகம்.

ஆஸ்பத்திரியில மூக்கு வழியா வயித்துக்கு ஒரு ரப்பர் குழாய் விட்டாங்க. நான் டாக்டர்கிட்ட, “ஐயா, விஷம் வச்சிருக்காங்க. சோதிச்சுப் பாருங்க”ன்னேன். அவர் நடுவயசுக்காரர், அவசரப்படாத மனுஷர். நாடியைப் பிடிச்சுக்கிட்டே கேட்டார்.

“அடிக்கடி தலைவலி வருமா?”

“கேஸ் நோட்டீஸ் வந்ததுலேருந்து தெனமும்.”

“என்ன சாப்பிடறீங்க?”

“கடையில விக்கிற தலைவலிப் பொடிதான். ஒரு நாளைக்கு நாலு, அஞ்சு. டீயில கலக்கிக் குடிப்பேன்.”

“வெறும் வயித்துலயா?”

“கடையில உக்காந்தா சாப்பாட்டுக்கு நேரம் ஏதுங்க?”

“அப்ப உங்களுக்கு மருந்து வச்சது நீங்கதான் பாய்”னார்.

ஜுலைகா முகத்தை முந்தானையால மூடிக்கிட்டா. அழறாளா சிரிக்கறாளான்னு தெரியலை.

விஷயம் இதுதான். இரைப்பை முடிஞ்சு குடல் ஆரம்பிக்கற இடத்துல புண்ணு. ஏற்கெனவே இருந்த சின்னப் புண்ணை அந்தப் பொடி அரிச்சு அரிச்சு உள்ள ஓடுற ரத்தக் குழாய் வரைக்கும் கொண்டு போயிருச்சு. மேல் வயித்துல கசியற ரத்தம் குடல் வழியா இறங்கி வர்றதுக்குள்ள செரிச்சுக் கறுப்பாயிடும். கறுப்பாப் போறதுன்னா உள்ளே ரத்தம் போகுதுன்னு அர்த்தம். இதைப் படிக்கறவங்க இந்த ஒண்ணை ஞாபகம் வச்சுக்கிட்டாப் போதும். விரல்ல குத்தி ரத்தத்துல செகப்புச் சத்து எவ்வளவு இருக்குன்னு பாத்தாங்க. பதிமூணு, பதினாலு இருக்கணுமாம். எனக்கு அஞ்சு. “உடனே ரத்தம் ஏத்தணும்”னு டாக்டர் சொன்னதும் எனக்கு வயித்துவலியே மறந்துபோச்சு.

யாரோட ரத்தம்? எங்கேருந்து வருது? பால்ல தண்ணி கலக்கற ஊர்ல ரத்தத்துல கலக்க மாட்டானா? எங்க மார்க்கத்துல ரத்தம் ஹராம், விலக்கினதாச்சே, அதுக்கு என்ன பதில் சொல்றது? ஜுலைகாதான் பக்கத்துத் தெருப் பள்ளிவாசல் ஹஜ்ரத்தைப் போய்க் கேட்டுட்டு வந்தா. “உசுரைக் காப்பாத்த வேற வழி இல்லைன்னா ஏத்திக்கலாம், தப்பில்லைன்னு சொல்லிட்டார்”னா. அவர் சொன்னது நிஜமா, இவளா சொல்றாளான்னு அரைமணி நேரம் அவ மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தேன்.

ரத்த வங்கியிலேருந்து சோதனைக்கு ரத்தம் எடுக்க வந்தவர் பேரு சவரிமுத்து. வேளாங்கண்ணிப் பக்கத்து ஆளு, தடிக் கண்ணாடி, நிதானமான பேச்சு. நான் கேட்ட கேள்வியில வேற யாராவது இருந்தா ஊசியை அங்கேயே போட்டுட்டுப் போயிருப்பாங்க. அவர் ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்துக்கிட்டு என் கட்டிலுக்கே வந்து காட்டினார். என் ரத்தம் உறைஞ்சு மேல தெளிஞ்ச தண்ணியில ஒரு சொட்டு, பாட்டில் ரத்தத்துல ஒரு சொட்டு. ரெண்டையும் கலந்து ஆட்டினார்.

“ஒத்துக்கலைன்னா திரிஞ்ச பால் மாதிரி கட்டி கட்டியாப் பிரியும். பாருங்க, பிரியலை. இது உங்களுக்குச் சேரும். உங்களுது பி பாசிட்டிவ். மெட்ராஸ்ல பாத்தாலும் தில்லியில பாத்தாலும் இதே எழுத்துதான், இதே சோதனைதான்.”

“கொடுத்த ஆளு யாருங்க?”

“பாட்டில்ல நம்பர் இருக்கு, குரூப் இருக்கு, தேதி இருக்கு. ஆள் பேரை நாங்க சொல்றதில்லை.”

பக்கத்துக் கட்டில்ல ஒரு மிராசுதார், மூத்திரப்பைக் கல்லுக்கு ஆப்பரேஷன் பண்ணிக்க வந்தவர். “அது சரி, எந்தத் தெருக்காரன்னாவது சொல்லுவீங்கல்ல?”ன்னார் அவர்.

“ரத்தத்துக்குத் தெரு கிடையாதுங்க”ன்னு சொல்லிட்டு சவரிமுத்து போயிட்டார்.

மொத நாள் ரெண்டு பாட்டில் ஏறிச்சு. கண்ணாடி பாட்டில். ஐஸ் பெட்டியிலேருந்து வந்ததால கையெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு. ஜுலைகா ராத்திரி முழுக்க அந்தக் கையைத் தன் ரெண்டு கைக்குள்ள வச்சுச் சூடு பண்ணிக்கிட்டே உக்காந்திருந்தா. விடிஞ்சதும் கண்ணைத் திறந்து பாக்கறேன், அப்பத்தான் பல வருஷத்துக்கு அப்புறம் அவ மூஞ்சியைக் கிட்டத்துல பாக்கற மாதிரி இருந்துச்சு. சொன்னா அசிங்கம், ஆனா உண்மை.

நாலாம் நாள் சுண்ணாம்புக் கரைசல் மாதிரி ஒண்ணைக் குடிக்க வச்சு எக்ஸ்ரே எடுத்தாங்க. அந்த வெள்ளை போற வழியை வச்சுப் புண்ணு எங்க இருக்கு, எவ்வளவு ஆழம்னு படத்துல தெரியுமாம். பாத்துட்டு டாக்டர், “ஆழமா இருக்கு. எப்ப வேணா மறுபடி உடைச்சுக்கலாம். ஆப்பரேஷன் பண்ணிடறதுதான் நல்லது. ஆனா மூணு பாட்டிலாவது தயாரா இருந்தாத்தான் நான் கத்தியை எடுப்பேன்”னார்.

அப்ப சவரிமுத்து ஒரு விஷயம் சொன்னார். ரத்த வங்கிங்கறது கடை இல்லை, கிடங்கு. போட்டாத்தான் எடுக்கலாம். அவசரம்னா மொதல்ல கொடுத்துடுவாங்க. அப்புறம் சொந்தக்காரங்க வந்து அதுக்கு ஈடா ரத்தம் கொடுக்கணும். எந்தக் குரூப்பா இருந்தாலும் சரி, அது வேற யாருக்காவது ஆகும். “உங்களுக்கு ஏத்தினதுக்கு ஈடே இன்னும் வரலை. அலமாரியில பி குரூப் கம்மியா இருக்கு. நாளைக்கு ஒரு பிரசவக் கேஸ் வந்தா நான் என்ன பண்றது?”

என்னைப் பாக்க அன்னிக்கு ஆரஞ்சுப் பழமும் பன்ரொட்டியுமா ஒம்பது பேர் வந்திருந்தாங்க. ரத்தம்ங்கற வார்த்தை காதுல விழுந்ததும் ஒருத்தருக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு, ஒருத்தருக்குக் கடை சாவி இடுப்புலயே இருக்கறது ஞாபகம் வந்துச்சு. என் சின்ன மாமு, “ஒரு சொட்டு ரத்தம் ஊற ஒரு மரக்கா அரிசி திங்கணும்பாங்க”ன்னு சொல்லிக்கிட்டே படி இறங்கினார். பத்தே நிமிஷம், கட்டிலைச் சுத்திப் பழத்தைத் தவிர ஒண்ணும் இல்லை. ஜுலைகா கையை நீட்டினா. சோதிச்சுப் பாத்துட்டு, “உங்களுக்கே பத்தாதும்மா”ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

மிச்சம் இருந்தது என் மச்சினன் ஜமால். கோர்ட்டு, தாலுக்கா ஆபீஸ்னு அலையறதுல அவன் கெட்டிக்காரன். சொந்தப் பண்ணைன்னு எழுதிக் கொடுக்கச் சொன்ன யோசனையே அவனுதுதான். ரத்தம் கொடுக்கப் போனவன் ஊசியைப் பாத்ததும் மயங்கி விழுந்து, அவனுக்கே குளுக்கோஸ் கொடுக்க வேண்டியதாப் போச்சு. எழுந்து வந்து, “கவலைப்படாதீங்க மச்சான், காசு கொடுத்தா வெளியில டீக்கடையில ஆள் கிடைக்கும்”னு ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தான். எலும்பும் தோலுமா ஒரு மனுஷர். சவரிமுத்து அவர் சட்டைக் கையை மடிச்சுப் பாத்தார். ஊசி குத்தின காயம் இன்னும் ஆறலை. “போன வாரம்தானே எங்கேயோ கொடுத்திருக்கே? உன் உடம்புல இருக்கறதை நீயே வச்சுக்கய்யா, போய்ச் சாப்பிடு”ன்னு அனுப்பிட்டார். இந்த மாதிரி விக்கிற ரத்தத்துல காமாலை இருக்கலாம், வேற சீக்கு இருக்கலாம், சத்தும் இருக்காது, அதான் சொந்தக்காரங்களைக் கேக்கறோம்னு எனக்கு விளக்கினார். என் சொந்தக்காரங்க லட்சணத்தை அவர் பாத்துட்டாரு.

ஏழாம் நாள் காலையில வார்டு வாசல்ல மூணு பேர் நிக்கறாங்க. நடுவுல பக்கிரி. வெள்ளை வேட்டி, தோள்ல துண்டு, கால்ல இன்னும் சேறு காயலை. கூட அவர் தெருக்காரங்க ரெண்டு பேர். ஜுலைகா எனக்குத் தெரியாம ஆள் அனுப்பியிருக்கா.

எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. கேஸ் தை மாசம் விசாரணைக்கு வருது. இவன் எதுக்கு வர்றான்? ஜமால் அதுக்குள்ள ரத்த வங்கி வரைக்கும் போய் எட்டிப் பாத்துட்டு ஓடி வந்தான்.

“மச்சான், விபரீதம்! அங்க ஒரு சீட்டு நிரப்பணும். பேரு, ஊரு, தொழில், நோயாளி என்ன உறவுன்னு கட்டம் கட்டமா இருக்கு. அதுல சர்க்கார் முத்திரை குத்துறாங்க. இவன் தொழில்ங்கற கட்டத்துல குத்தகைக்காரன்னு எழுதிட்டான்னா, அதுல நம்ம பேரும் இருக்கும், முத்திரையும் இருக்கும். அதைக் கொண்டுபோய் தாசில்தார்கிட்ட நீட்டினா நாம என்ன சொல்றது?”

இப்ப நெனச்சா சிரிப்பு வருது. ரத்தம் கொடுக்கற சீட்டை வச்சு நிலத்தைப் புடுங்கிடுவான்னு பயப்பட எங்க ஊர் ஆளாலதான் முடியும். ஆனா அந்த வருஷம் கல்யாணப் பத்திரிகையைக் கூட அத்தாட்சியா கொண்டாந்து காட்டினாங்க. ஒரு எழுத்து, ஒரு முத்திரைக்காக நாய் மாதிரி அலைஞ்சாங்க. அதனால எனக்கு அன்னிக்குச் சிரிப்பு வரலை. கத்தினேன்.

“குத்தகைக்காரன்னு எழுதிக் கொடுக்கற ரத்தம் எனக்கு வேணாம்! அந்தச் சீட்டு என் பேருக்கு ஏறிச்சுன்னா ஆப்பரேஷனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன். ரத்தம் கொடுக்கற மாதிரி கொடுத்து நிலத்தை எழுதிக்கப் பாக்கறான். அனுப்புங்க அவனை!”

பக்கிரி மறைப்புத் துணிக்கு அந்தப் பக்கம்தான் நின்னார். வேட்டிக் கரை கீழ தெரிஞ்சுது. எல்லாத்தையும் கேட்டிருப்பார்.

பேசினது ஜுலைகாதான். கல்யாணம் ஆன நாள்லேருந்து என்னை எதுத்துப் பேசாதவ. “நீங்க மௌத்தாயிட்டா அந்த நெலத்துல உங்களைத்தான் புதைக்கணுமா? உங்க நெலம், உங்க கேசு, உங்க முத்திரை! அன்னிக்குப் பழத்தோட வந்த ஒம்பது பேர்ல ஒருத்தர் கை நீட்டினாங்களா? அவர் நடவை விட்டுட்டு வந்து நிக்கறார். நீங்க அவரைத் திருடங்கறீங்க. வெக்கமா இல்லை உங்களுக்கு?”ன்னு கேட்டுட்டு விறுவிறுன்னு வெளியில போனா.

ஒரு மணி நேரம் கழிச்சு வந்தா. “நீங்க பயப்படற மாதிரி ஒண்ணும் எழுதலை. கையெழுத்துப் போடுங்க.”

“பொய் சொல்றே.”

“சரி, பொய்தான். போடுங்க.”

போட்டிருக்க மாட்டேன். ஆனா மத்தியானம் சாப்பாட்டு வண்டி வர்ற நேரத்துக்கு மறுபடி வாந்தி. இந்தத் தடவை காப்பித்தூள் இல்லை, பச்சை ரத்தம். கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு, காது அடைச்சுது, நர்சம்மா கூப்பிடறது எங்கேயோ ஆத்துக்கு அக்கரையிலேருந்து வர்ற மாதிரி கேட்டுது. அப்ப எனக்கு நிலம் ஞாபகம் வரலை, கேஸ் ஞாபகம் வரலை. அல்லாவே, எனக்குச் சாவு வேணாம், அவ்வளவுதான். பேனாவைக் கையில திணிச்சாங்க. என்னத்தைக் கிறுக்கினேன்னு தெரியாது.

முழிச்சப்ப வயித்துல ஒரு ஜாண் நீளத்துக்குத் தையல். தலைக்கு மேல ரத்த பாட்டில் தொங்குது. புண்ணுல ரத்தம் கொட்டின குழாயைக் கட்டிட்டாங்க, இரைப்பையில கொஞ்சம் வெட்டி எடுத்துட்டு மிச்சத்தைக் குடலோட புது வழியா சேத்துத் தைச்சிருக்காங்கன்னு டாக்டர் சொன்னார். “மேஜையிலயே மூணு பாட்டில் ஏறிச்சு. இல்லாட்டி நான் உங்ககிட்ட பேசிக்கிட்டு இருக்க மாட்டேன்.”

அதுக்கப்புறம் நாலு நாள் வாய்ல பச்சைத்தண்ணி கிடையாது. நாக்கு ஒட்டிக்கிட்டா ஜுலைகா பஞ்சுல தண்ணி தொட்டு உதட்டுல தடவுவா. அப்புறம் கஞ்சி குடிக்கலாம்னு ஆனதும், அவ வராந்தாவுல கஞ்சி வைக்கற ஸ்டவ்வு ரிப்பேராப் போன அன்னிக்கு மிராசுதார் சம்சாரம் வெங்கலச் செம்புல கஞ்சித்தண்ணி கொண்டாந்து கொடுத்தாங்க. நான் முகர்ந்து பாத்துட்டுத்தான் குடிச்சேன். தும்மினாத் தையல் பிரிஞ்சுடுமோன்னு பயம், தூங்கினா எந்திரிக்க மாட்டேனோன்னு பயம். இதுக்கு நடுவுலயும் அந்தப் புத்தி மட்டும் சாகலை. என் உடம்புல பக்கிரி ரத்தம் ஓடுதே, நாளைக்குத் தாசில்தார் முன்னாடி நின்னு, ‘என் ரத்தத்துலதான் இவரு நிக்கறாரு, இவரா என் குத்தகையை இல்லைங்கறாரு’ன்னு கேட்டா என்ன பண்றதுன்னு படுத்துக்கிட்டே பதில் தயார் பண்ணினேன். பக்கிரி அதுக்கப்புறம் ஒரு தடவை கூட வார்டு பக்கம் வரலை. ஏன் வரலைங்கறதும் எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சு.

வீட்டுக்கு அனுப்பற அன்னிக்கு ஜுலைகா சாமான் கட்டிக்கிட்டிருந்தா. நான் சுவத்தைப் பிடிச்சுப் பிடிச்சு ரத்த வங்கிக்குப் போனேன். எப்படியாவது அந்தச் சீட்டைப் பாத்துடணும், முடிஞ்சா கிழிச்சுடணும்னுதான் போனேன். சவரிமுத்து என்னை ஸ்டூல்ல உக்கார வச்சார்.

“பக்கிரிசாமி ரத்தம் என் உடம்புல எத்தனை பாட்டில் ஏறிச்சு?”ன்னேன்.

“ஒரு சொட்டு கூட இல்லை. அவருக்கு ஏ குரூப். உங்களுக்கு ஏத்தினா நீங்க அங்கேயே போயிருப்பீங்க. அவரோடது வேற யாருக்கோ போச்சு. அவங்க மூணு பேர் கொடுத்த கணக்குல அலமாரியிலேருந்து பி பாட்டில் உங்களுக்கு வந்துச்சு.”

“அது யாரோடது?”

“மறுபடியும் கேக்கறீங்க பாத்தீங்களா?”ன்னு சிரிச்சார்.

யாரோ ஒருத்தர், எந்த ஊரோ, என்ன சாதியோ. என்னை அவருக்குத் தெரியாது, எனக்கும் அவரைத் தெரியாது. அவருக்கு என்கிட்ட ஆக வேண்டிய காரியம் ஒண்ணும் இல்லை. என் வாழ்க்கையில நான் சந்தேகப்பட வழியே இல்லாத ஒரே மனுஷர் அவர்தான். அதுதான் அந்தக் கிடங்கோட மகிமைன்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது.

சீட்டைக் காட்டச் சொன்னேன். யோசிச்சுட்டு, “உங்க பேருல வந்ததுதானே”ன்னு எடுத்துக் காட்டினார்.

தொழில்ங்கற கட்டத்துல முதல்ல ‘குத்தகை’ன்னு எழுதியிருந்துச்சு. கோணல் மாணலா, அழுத்தி எழுதின எழுத்து. அதைக் குறுக்கே அடிச்சுட்டு மேல ‘கூலி’ன்னு எழுதியிருந்துச்சு. நோயாளி என்ன உறவுங்கற இடத்துல ‘வேலைக்கு வெச்சிருக்கும் முதலாளி’. அடிச்ச இடத்துக்குப் பக்கத்துல பக்கிரிசாமின்னு முழுக் கையெழுத்து.

“அடித்தல் திருத்தல் இருந்தா பக்கத்துல கையெழுத்துப் போடணும்னு நான்தான் சொன்னேன்”னார் சவரிமுத்து. “வார்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே இங்க வந்து முதல்ல சரியாத்தான் எழுதினார். அப்புறம் நீங்க கத்தினீங்களே, அதைக் கேட்டுட்டுத் திரும்பி வந்தார். ‘என்ன எழுதினா அவர் ஏத்திக்குவாரு?’ன்னு உங்க வீட்டம்மாவைக் கேட்டார். அவங்க அழுதாங்க. அவராவேதான் அடிச்சார். பேனாவை வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னார் பாவம்.”

குத்தகைங்கற அந்த எழுத்துக்காக அவர் ரெண்டு வருஷமா தாலுக்கா ஆபீஸ் படி ஏறிக்கிட்டிருந்தார். அதைத் தன் கையாலயே அடிச்சு, பக்கத்துல கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கார். நான் கிழிக்க வந்த தாளு, கேசை எனக்குச் சாதகமா முடிச்சு வைக்கற தாளு.

“கிழிச்சு ஒண்ணும் ஆவாது பாய்”னார் அவர். என் மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்சிருப்பார். “நோயாளி வீட்டுக்குன்னு போடற கார்பன் நகலை அன்னிக்கே உங்க வீட்டம்மா வாங்கிக்கிட்டாங்க.”

ஜுலைகா அதை எனக்குக் காட்டவே இல்லை. வீட்டுக்கு வந்து ரெண்டு மாசம், குழைஞ்ச சோறும் மோருமா வளத்தா, ஒரு நாளைக்கு ஆறு தடவை கொஞ்சம் கொஞ்சமா. தலைவலிப் பொடியைக் கடைத்தெருவுலயே எவனும் எனக்கு விக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தா. சீட்டைப் பத்தி வாயே திறக்கலை. ஆனா நான் ஜமால்கிட்ட உளறிட்டேன். அவன் குதிச்சான். “மச்சான், கேஸ் முடிஞ்சுது! அவன் கையெழுத்துல கூலின்னு இருக்கு, இதுக்கு மேல என்ன வேணும்?”

விசாரணைக்கு முதல் நாள் ஜுலைகாகிட்ட கேட்டேன். அவ பெட்டியைத் திறந்து காட்டினா. “உள்ளதான் இருக்கு. நான் எடுத்துத் தர மாட்டேன். வேணும்னா நீங்களே எடுத்துக்குங்க.”

எடுத்துக்கிட்டேன். பொய் சொல்ல மாட்டேன், எடுத்துச் சட்டைப் பையில வச்சுக்கிட்டுத்தான் மாயவரம் போனேன். போற வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டேன்.

தாசில்தார் முன்னாடி அந்தப் பக்கம் பக்கிரி, கூட விவசாயச் சங்கத்துக்காரர் ஒருத்தர். இந்தப் பக்கம் நானும் ஜமாலும். பக்கிரி கொண்டாந்த சாட்சிகளைக் கேட்டுட்டு, தாசில்தார் என் பக்கம் திரும்பினார். “குத்தகை இல்லை, கூலி ஆளுன்னு எழுதியிருக்கீங்க. அதுக்கு ஏதாவது அத்தாட்சி இருக்கா?”

ஜமால் என் விலாவுல இடிச்சான், தையல் போட்ட பக்கமாப் பாத்து. பக்கிரி என் சட்டைப் பையையே பாத்துக்கிட்டு நின்னார். அதுல என்ன இருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. மூஞ்சி செத்துப்போச்சு. எனக்கு அப்படி ஒரு வெக்கம் வந்துச்சு. கடைத்தெருவுல வேட்டி அவுந்து நின்னாலும் அவ்வளவு வெக்கப்பட்டிருக்க மாட்டேன்.

“அத்தாட்சி இல்லைங்க. நான் எழுதிக் கொடுத்தது பொய். பக்கிரிசாமி எங்க குத்தகைக்காரர். அவர் அப்பா காலத்துலேருந்து அவங்கதான் உழறாங்க.”

ஜமால் “மச்சான்!”னு கத்தினான். தாசில்தார் பேனாவைக் கீழ வச்சார். பக்கிரிக்குச் சந்தோஷம் வரும்னு பாத்தேன். வரலை. அவர் சங்கத்துக்காரர் காதுல என்னமோ சொன்னார். அப்புறம் கையைக் கட்டிக்கிட்டு முன்னாடி வந்தார்.

“ஐயா, பாய் சொன்னதை எழுதிட்டு ஒரு தடவை படிச்சுக் காட்டச் சொல்லுங்க.”

படிச்சாங்க.

“இன்னொரு தடவைங்க.”

ஆபீஸே சிரிச்சுது. மறுபடி படிச்சாங்க. நான் கையெழுத்துப் போட்டப்ப என் பேனா நகர்றதையே குனிஞ்சு பாத்துக்கிட்டு நின்னார்.

வெளியில வந்ததும் வேப்பமரத்தடியில அவரைக் கூப்பிட்டு அந்தச் சீட்டை எடுத்துக் கையில கொடுத்தேன். அவர் கொடுத்த ரத்தம், அடிச்ச அந்த எழுத்து, எல்லாத்துக்கும் சேத்து அவர்கிட்ட எதாவது சொல்லணும்னு நெனச்சேன். வாயில வந்தது “ரொம்ப தேங்க்ஸ்ப்பா” மட்டும்தான்.

அவர் பிரிச்சு, எழுத்துக் கூட்டி, அடிச்ச இடம் வரைக்கும் விரலை வச்சுப் படிச்சார். நாலா மடிச்சு மடியில செருகிக்கிட்டார். அப்புறம் என்னை நேராப் பாத்துக் கேட்டார்.

“இதுக்கு எத்தனை நகல் இருக்குங்க பாய்?”

“ஆஸ்பத்திரியில ஒண்ணு இருக்கு. வேற கிடையாது.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

தலையை ஆட்டினார். நம்பலைங்கறது மூஞ்சியிலயே தெரிஞ்சுது. மறுநாள் மொத பஸ்ஸுல தஞ்சாவூருக்குப் போய்ச் சவரிமுத்துகிட்ட கேட்டுட்டு வந்தார்.